மூன்றாம் வாசலின் சாட்சி

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்குப் புதுத்துறையின் காற்று நிலையம் குடியிருப்புக்கு அனுப்பும் பிராணவாயுவை நூற்றுக்கு நான்கு பங்கு குறைக்கும். யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஆறாயிரத்து இருநூறு பேரும் அந்த நேரத்தில் அவரவர் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். அசையாத மனிதனுக்குக் கொஞ்சம் காற்றே போதும். ஒரு மணி நேரம் கழித்து, 'மூன்றாம் வாசல்' தொடரின் அந்த வாரப் பகுதி முடிந்ததும், அளவை மறுபடி ஏற்றுவார்கள். சண்டைக் காட்சி உள்ள வாரங்களில் மட்டும் கைவைப்பதில்லை. ஒருமுறை தெரியாமல் குறைத்துவிட்டார்கள். மூச்சிரைத்துப் பதினான்கு பேர் மயங்கி விழுந்தார்கள்.

செவ்வாய்க் கிரகத்தில் தொலைக்காட்சி என்ற பெயர்தான் மிஞ்சியிருந்தது, பெட்டி இல்லை. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்த அரிசியளவு செவிமணி, காட்சியை நேராக மூளைக்குள் இறக்கிவிடும். படத்தோடு குளிரும், கருகிய வாடையும், முழங்கால் இடித்துக்கொண்ட வலியும் வரும். பார்த்தேன் என்று யாரும் சொல்வதில்லை, போய்வந்தேன் என்றுதான் சொல்வார்கள்.

சவரிமுத்து மட்டும் இரண்டு விதத்திலும் போய்வந்தவர். எண்பத்தெட்டு வயது. அறுபத்தொரு வருஷத்துக்கு முன்னால், பனிக்கட்டிச் சுரங்கம் யாருக்கு என்று புதுத்துறையும் வடபள்ளமும் பத்தொன்பது நாள் அடித்துக்கொண்டபோது, அந்தச் சுரங்கத்தின் மூன்றாம் வாசலில் நின்ற ஆறு பேரில் அவர் ஒருவர். நாயக் பதவி. உயிரோடு திரும்பியவரும் அவர் ஒருவர்தான். ஊர் அதை ஐஸ் சண்டை என்று சொல்லும்.

அந்தச் சண்டையைப் பதினான்கு புத்தகங்களாக எழுதியவர் செவ்வந்தியான் என்ற புனைபெயர் கொண்ட தண்ணீர் இலாகா ஊழியர். வாசல் பக்கம் போனவரே அல்ல. முதல் புத்தகம் வந்தபோது சவரிமுத்துவுக்கு நாற்பத்தேழு வயது. பாசியிலிருந்து செய்த தாளில் அச்சடித்த அந்தப் பிரதியை ஒரு பென்சிலோடு உட்கார்ந்து படித்தார். முதல் பக்கத்திலேயே துப்பாக்கி தவறு. அடுத்த பக்கத்தில் வாசலின் அகலம் தவறு. இரண்டு ஆள் ஒட்டி நின்றால் அடைத்துக்கொள்ளும் ஓட்டையைக் கோட்டை வாசல்போல எழுதியிருந்தார். ஆனாலும் வைக்க முடியவில்லை. ஆசிரியருக்குத் துப்பாக்கி தெரியாவிட்டாலும் ஆட்களைத் தெரிந்திருந்தது. யார் முதலில் சாப்பிட உட்காருவான், யார் பயத்தில் வாயாடுவான், இதெல்லாம் சரியாக வந்தது. சவரிமுத்து திட்டிக்கொண்டே படித்தார், படித்துக்கொண்டே திருத்தினார், அடுத்த புத்தகம் எப்போது என்று கடையில் விசாரித்தார்.

கதாநாயகன் சுபேதார் கொற்றவன் முழுக் கற்பனை. அப்படி ஒருவர் அந்த வாசலில் இருந்ததே இல்லை. சவரிமுத்துவை மாதிரியாக வைத்து நாயக் பிச்சை என்று ஒரு வேடிக்கைக்காரனை எழுதி, மூன்றாவது புத்தகத்தில் கொன்றுவிட்டார் செவ்வந்தியான். அந்தச் சாவு ஒன்பது பக்கம். சவரிமுத்து அதை நாலைந்து முறை படித்து ஒவ்வொரு முறையும் கண் கலங்கினார். புத்தகங்கள் தொடராக வந்த பிறகு உணவுக்கூடத்தில் அவரைப் பிச்சை அண்ணாச்சி என்றே கூப்பிட்டார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது.

ஒன்றே ஒன்று உறுத்தியது. இரண்டாவது புத்தகத்தில் சிப்பாய் நல்லான் என்று ஒருவன் வருவான். எதிரி நெருங்கியதும் துப்பாக்கியைப் போட்டுவிட்டு ஓடிப்போவான். அது துரைக்கண்ணு என்று ஊருக்கே தெரியும். போர்ப் பதிவேட்டில் 'பணியிடம் விட்டு ஓடியவர்' என்று இருந்தது அவன் பெயருக்கு எதிரே மட்டும்தான். நடந்தது வேறு. காற்றுப் புட்டிகள் தீரப்போகின்றன என்று கண்டு, மேற்குக் குகைவழியாகக் கிடங்குக்குப் போய் எடுத்துவா என்று சவரிமுத்துதான் அவனை அனுப்பினார். குகை இடிந்தது, துரைக்கண்ணு வரவில்லை. சவரிமுத்து பதினொரு மாதம் நினைவில்லாமல் கிடந்து எழுந்தபோது பதிவேட்டை மூடியிருந்தார்கள்.

துரைக்கண்ணுவின் மகள் மணிமொழிக்கு அப்போது இரண்டு வயது. ஓடிப்போனவன் மகள் என்ற பெயரோடு வளர்ந்து, விதைக்கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவள். சவரிமுத்துவை மாமா என்பாள். அந்த மாசியில் அவள் ஒரு செய்தியோடு வந்தாள். சுரங்க எந்திரங்கள் மேற்குக் குகையில் பனிக்குள்ளிருந்து ஒரு கவச உடையை எடுத்திருக்கின்றன. உடைக்குள் ஆள் அப்படியே இருக்கிறார். எண் அவள் அப்பாவுடையது.

"நினைவுச் சுவத்துல பேரு வெட்டலாமாம் மாமா. ஆனா ஓடிப்போகல, அனுப்பிச்சுத்தான் போனாருன்னு நிரூபிக்கணுமாம்."

"நான்தான் அனுப்புனேன். அத நான் வந்து சொல்றேன்."

"சொன்னா எடுக்க மாட்டாங்க. வாசிக்கணும்."

புதுத்துறையில் முப்பது வருஷமாக எந்த அலுவலகமும் வாய்ச்சொல்லையும் கையெழுத்தையும் சாட்சியாக ஏற்பதில்லை. தலையில் நினைவுவாசியை மாட்டினால், ஆள் கண்டது கேட்டது அப்படியே சுவரில் ஓடும். 'மனிதன் பொய் சொல்வான், தாள் பொய் சொல்லும், மூளைக்குப் பொய் சொல்லத் தெரியாது' என்று வாசிப்பு அலுவலகத்து வாசலில் எழுதிவைத்திருந்தார்கள்.

சவரிமுத்து மகிழ்ச்சியோடுதான் போனார். சாவதற்குள் இந்த ஒரு காரியம் முடிந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கவலை கிடையாது. நினைவுச்சுவர்க் குழுவில் மூன்று பேர். தலைவர் அறவாழி, ஓய்வுபெற்ற பொறியாளர். நினைவுவாசியை மாட்டிவிட்டது ஜமீலா என்ற இளம்பெண். கண்ணை மூடி அந்த நாளை நினைக்கச் சொன்னாள்.

சுவரில் மூன்றாம் வாசல் விரிந்தது. கோபுர வாசல்போல அகலம். ஆறு பேர் நின்றார்கள், நடுவில் சுபேதார் கொற்றவன். எங்கிருந்தோ ஒற்றை நாகஸ்வரம் கிளம்பியது. நல்லான் திரும்பிப் பார்த்தான், உதடு நடுங்கியது, துப்பாக்கியை நழுவவிட்டு ஓடினான். பிறகு நாயக் பிச்சை மார்பில் அடிபட்டுச் சரிந்து, இந்தச் சிவந்த மண்ணைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசி உயிரைவிட்டார்.

சவரிமுத்து நாற்காலியின் நுனிக்கு வந்து ரசித்துக்கொண்டிருந்தார். அறவாழி தொண்டையைச் செருமியபோதுதான் அவருக்கு இது தன் தலைக்குள்ளிருந்து வந்தது என்று உறைத்தது.

"பெரியவரே, இதுல நீங்களே செத்துப்போறீங்களே."

"அது கதையில சார்."

"அப்ப நல்லான் ஓடுறது?"

சவரிமுத்து வாயைத் திறந்தார். வார்த்தை வந்தது; ஆனால் வார்த்தைக்குப் பின்னால் இருக்கவேண்டிய முகம் வரவில்லை. துரைக்கண்ணு என்று நினைத்தால் நல்லானாக நடித்த நடிகனின் முகம்தான் வந்து நின்றது. குழு கூடிப் பேசியது. காற்றே இல்லாத இடத்தில் நாகஸ்வரம் கேட்டதும், சாட்சியே இறந்துபோனதும் சிறு பிழைகள் என்று குறித்தார்கள். ஓடியது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாமல் தெளிவாக இருந்தது. மேலும், குழுவில் மூன்று பேருக்குமே அது அப்படித்தான் நடந்ததாக நினைவிருந்தது.

வெளியே நடையில் ஜமீலா அவருக்குத் தண்ணீர் கொடுத்து விளக்கினாள். ஒரு நினைவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கும்போது மூளை பழையதை வைப்பதில்லையாம். புதிதாக ஒரு படி எழுதி வைக்கிறது. வாசிக்கும் கருவிக்குக் கிடைப்பது கடைசிப் படிதான். மூன்று வருஷமாக வாராவாரம் மூன்றாம் வாசலுக்குப் போய்வந்தால் அசல் எங்கே இருக்கும்? கொஞ்ச நாள் தொடரையும் புத்தகத்தையும் தொடாமல் இருந்தால் அடியில் மிஞ்சியிருப்பது ஏதாவது மேலே வரலாம் என்றாள்.

மணிமொழி அவரைத் திட்டவில்லை. அதுதான் அவருக்கு அதிகம் சுட்டது. வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்த பதினான்கு புத்தகங்களையும் அவள் பெட்டியில் கட்டத் தொடங்கினாள். கட்டும்போது பக்கங்களைப் புரட்டினாள், ஓரங்களில் பென்சில் எழுத்தைப் பார்த்தாள். முதல் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் 'தவறு', 'பொய்', 'இவன் தலை'. நான்காவதில் அங்கொன்று இங்கொன்று. எட்டாவதில் ஒன்றுகூட இல்லை.

"ஏன் மாமா, இதுக்கப்புறம் ஒண்ணுமே எழுதலயே?"

"அதுக்கப்புறம் அந்த மனுஷன் திருந்திட்டாரு. விசாரிச்சு சரியா எழுத ஆரம்பிச்சாரு" என்றார் சவரிமுத்து. மணிமொழி எட்டாவதை வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்துப் புரட்டினாள்.

இரண்டாவது புத்தகத்தில் எண்பத்தெட்டாம் பக்கத்து ஓரத்தில், நல்லான் ஓடும் இடத்தில், பென்சில் தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தது: 'பொய். துரைக்கண்ணு ஓடவில்லை. புட்டி எடுத்துவர அனுப்பியது நான். போகமாட்டேன் என்றான். கெட்ட வார்த்தை சொல்லி அனுப்பினேன்.'

மணிமொழி அதை இரண்டு முறை வாசித்தாள். கடைசி வாக்கியம் அவளுக்குத் தெரியாதது. சவரிமுத்து அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அறுபத்தொரு வருஷமாகத் தூக்கத்தைக் கெடுத்த வாக்கியம் அது, யாரிடமும் சொன்னதில்லை. அவள் புத்தகத்தை மூடி, "நீங்க எழுதிவெச்சது நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

குழு அந்தப் பக்கத்தை மரியாதையாகப் பார்த்தது. தாள் சாட்சியாகாது என்ற விதி ஒருபுறம். அதைவிட, எழுதியவருடைய சொந்த நினைவுக்கே எழுத்து முரணாக இருந்தது. ஆகவே குறிப்பு தவறு என்று முடிவுசெய்து, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

சவரிமுத்து அன்றிலிருந்து விரதம் இருந்தார். வெள்ளிக்கிழமை ஆறரைக்குச் செவிமணியை அணைத்துவிட்டு நடைபாதையில் தனியாக நடந்தார். ஊரே அடங்கியிருக்கும். சனிக்கிழமை உணவுக்கூடத்தில் யார் பேச்சு எடுத்தாலும் தட்டோடு எழுந்துபோனார். அடியிலிருந்து ஒன்றிரண்டு மேலே வரவும் செய்தன. இருட்டு. கவச உடையின் கழுத்துப்பட்டை அரித்தது. பக்கத்தில் ஒருவன் டப்பாச் சோற்றில் கறிவேப்பிலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். அவர் இதை ஜமீலாவிடம் சொன்னபோது அவள், "இதுதான் அசல். ஆனா இத வெச்சுக் குழுகிட்ட என்ன காட்டுறது? சண்டை மாதிரியே இல்லயே" என்றாள்.

இப்படி இருக்கும்போது தொடரின் கதைவசனக்காரர் வாணன் அவரைத் தேடி வந்தார். நாற்பது வயது, நல்ல பேச்சுக்காரர், உட்காரச் சொல்வதற்கு முன் உட்கார்ந்துவிடுபவர். குழு அலுவலகத்தில் யாரோ அவரிடம் ஓரக்குறிப்பைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைப் படித்தார்.

"அண்ணாச்சி, நாலாவது பருவத்துக்கு ஒரு தொடக்கம் இல்லாம நாலு மாசமா மண்டய உடைக்கேன். இது வெச்சா ஊரே அழும்."

உண்மை அது, கதை இல்லை என்றார் சவரிமுத்து. அதனால்தான் நன்றாக இருக்கிறது என்றார் வாணன். ஒரு சிக்கல் மட்டும் இருந்தது: நாயக் பிச்சை ஏற்கெனவே செத்துவிட்டதால் அவர் யாரையும் அனுப்ப முடியாது. அனுப்புவது கொற்றவனாக இருக்கட்டும், கெட்ட வார்த்தைக்குப் பதில் கட்டித்தழுவி அனுப்பட்டும் என்று கேட்டுக்கொண்டார். சவரிமுத்து யோசித்தார். மணிமொழியையும் கேட்டார். யார் அனுப்பினால் என்ன, ஓடவில்லை என்று ஊருக்குத் தெரிந்தால் போதும் என்றாள் அவள்.

ஐப்பசி முதல் வெள்ளியன்று நாலாவது பருவம் தொடங்கியது. சவரிமுத்து விரதத்தை விட்டார். துரைக்கண்ணுவுக்காக ஒளிபரப்பாகிறது, அதைப் போய்ப் பார்க்காமல் இருப்பது நன்றிகெட்ட செயல் என்று ஜமீலாவுக்கும் தனக்கும் சொல்லிக்கொண்டார்.

கொற்றவன் நல்லானை அணைத்துக்கொண்டான். "நீ ஓடிப்போனதாக உலகம் சொல்லும்." "சொல்லட்டும் சுபேதார், நீங்கள் மூச்சுவிடுவீர்கள்" என்றான் நல்லான். துப்பாக்கியைப் போட்டது ஓடுவதற்கல்ல, புட்டிகளைத் தூக்கக் கை வேண்டுமே என்பதற்காக என்று காட்டினார்கள். அவன் பனிக்குள் புதையும்போது நாகஸ்வரம் நின்று, முழு அமைதி. புதுத்துறையில் அன்று அழாதவர்கள் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைகள் மட்டுமே.

அடுத்த பதினைந்து நாளில் நாலாயிரத்து முந்நூறு பேர் கையொப்பமிட்ட மனு குழுவுக்குப் போனது. சிப்பாய் நல்லானுக்கு இழைத்த அநீதியைக் களையவேண்டும். குழு தானாகவே மறுவாசிப்புக்கு அழைத்தது. சவரிமுத்து கண்ணை மூடினார். கொற்றவன் அணைத்தான், நல்லான் போனான், பனி மூடியது. குறுக்குக் கேள்வி எதுவும் இல்லை. தலைவர் அறவாழி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தங்களுக்கும் இப்போது அப்படித்தான் நினைவிருப்பதாக மற்ற இருவரும் சொன்னார்கள். ஆறு நிமிஷத்தில் முடிந்தது. சவரிமுத்துவுக்குச் சான்று பெற்ற நினைவாளர் என்று ஓர் அட்டையும் கொடுத்தார்கள். அதன் பிறகு போர் தொடர்பான எதற்கும் அவர் கையெழுத்தே போதும்.

சுவரில் நாற்பத்திரண்டாவது பெயரைத் திறந்துவைத்த நாளில் கூட்டம் வாசல்வரை நின்றது. திரை விலகியதும் மணிமொழி கல்லைப் பார்த்தாள். 'சிப்பாய் நல்லான்' என்று வெட்டியிருந்தது. அவள் அறவாழியின் அருகே போய், எங்கள் அப்பா பெயர் அதில்லையே என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். அவர் மனுவில் இருந்த பெயரைத்தான் வெட்டமுடியும் என்று பொறுமையாக விளக்கினார். அவள் நகராமல் நின்றதால், கூட்டத்தைக் கைகாட்டினார்.

"துரைக்கண்ணுன்னு போட்டிருந்தா, இதுல எத்தன பேரும்மா வந்திருப்பாங்க?"

முன்வரிசையில் சவரிமுத்து வளைந்த முதுகை நிமிர்த்தி வணக்கம் வைத்தபடி நின்றார். அன்றிலிருந்து அவருக்கு நல்ல தூக்கம் வந்தது. இத்தனை வருஷம் நெஞ்சில் என்ன பாரம் இருந்தது என்று யோசித்தால் பிடிபடவில்லை. அவர் யாரையும் திட்டவில்லை, யாரையும் அனுப்பவுமில்லை, அனுப்பியவர் சுபேதார்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். குடிப்பதிவு அலுவலகத்திலிருந்து மணிமொழிக்கு ஓர் அறிவிப்பு வந்தது. வீரமரணம் அடைந்தவரின் வாரிசு என்ற முறையில் அவளுடைய விவரங்களைச் சரிபார்த்ததில், தந்தை பெயர் நினைவுச் சுவரோடு பொருந்தவில்லை. முப்பது நாளுக்குள் பிழையைத் திருத்திக்கொள்ள வேண்டும். மறுப்பு இருந்தால் சான்று பெற்ற நினைவாளர் ஒருவர் தன் கையால் சரியான பெயரை எழுதிக் கொடுக்கலாம். அப்படி ஒருவர்தான் ஊரில் இருந்தார்.

அவள் படிவத்தோடு போனபோது சவரிமுத்து பதினொன்றாவது புத்தகத்தில் இருந்தார். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வா தாயி என்றார். அவள் படிவத்தையும் பேனாவையும் அவர் முன் வைத்தாள்.

"மாமா, நான் எதுவும் சொல்லித்தர மாட்டேன். எங்கப்பா பேரு என்னவோ அத நீங்களே எழுதுங்க. அது போதும்."

சவரிமுத்துவுக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டு வயதில் தகப்பனைப் பறிகொடுத்தவள். அவளுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? அவனைப் பற்றி ஏதாவது நல்லதாகச் சொல்ல நினைத்தார்.

"உங்கப்பனுக்குக் கறிவேப்பிலையே ஆகாது, தெரியுமா? டப்பாச் சோத்துல இருக்கிறத ஒவ்வொண்ணாப் பொறுக்கி எந்தட்டுல போட்டுட்டு, நாயக் ஐயாவுக்குக் காணிக்கைம்பான். நானும் திம்பேன்."

இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, எந்தப் பருவத்திலும் வந்ததில்லை. மணிமொழி அறுபத்துமூன்று வயதில் முதல்முறையாகக் கேட்டாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பேனாவை எடுத்து அவர் விரல்களுக்கிடையில் வைத்தாள்.

சவரிமுத்து தயங்கவே இல்லை. தந்தை பெயர் என்ற இடத்தில் நல்லான் என்று எழுதினார். அவரை அறிந்த விதம் என்ற இடத்தில், போரில் உடனிருந்தவன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். படிவத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினார்.

"பாத்தியா, கை நடுங்கவே இல்ல."